பந்த் பண்ணுங்க

டீ ஆறுகிறது சார், முதலில் குடியுங்கள். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

மழைக்காலம் வந்தால் தாராவியில் எங்கள் பந்தல் தொழில் படுத்துவிடும். கணபதி பண்டிகை வரும்வரை ஜெனரேட்டர் குடோனில் கிடக்கும். சும்மா கிடந்தால் கெட்டுப்போகும் சாமான் அது. டீசலில் தண்ணீர் சேரும், பேட்டரி இறங்கும், சைலன்சருக்குள் எலி குடியேறும். அதனால் அதன் வாயில் துணி கட்டி வைப்பேன். வாராவாரம் அவிழ்த்து, பந்தல் விளக்குகளை மாட்டி, கொஞ்ச நேரம் ஓட்டுவேன். ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டுத்தான் ஓட்டுவேன். அந்தப் புகை ஆளைக் கொல்லும் என்று எனக்குத் தெரியாதா என்ன?

நயினார் என் தங்கை மாரிசெல்வியின் புருஷன், தொழிலில் என் கூட்டாளி. சாரத்திலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு குடோன் பரணில் படுத்திருந்தான். தனியாக ஏணியில் இறங்க முடியாது. நல்லவன்தான், பொய் சொல்ல மாட்டேன்.

அன்று நான் துணியை அவிழ்க்கும்போது மேலிருந்து சொன்னான்: "மச்சான், இந்த ஓட்ட மெஷினக் கட்டிக்கிட்டு எதுக்கு அழுதீய? நாளைக்கு உல்லாஸ்நகர் பழைய இரும்புச் சேட்டு ஆளு அனுப்புதாரு. எடைக்குப் போட்ருவோம்."

எடைக்கு. பெற்ற பிள்ளையை அப்படிச் சொன்னால் நீங்கள் பொறுப்பீர்களா சார்?

மெஷினை ஸ்டார்ட் செய்தேன். முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. வெளியே நல்ல மழை, சாரல் மெஷின்மேல் அடித்தது. புகை மேலே போயிருக்கும் போல, நயினார் இருமினான்.

"மச்சான், பந்த் பண்ணுங்க!"

எங்கள் பேச்சில் மெஷினை நிறுத்துவதும் பந்த்தான், ஷட்டரைச் சாத்துவதும் பந்த்தான். சாரல் அடிக்கிறதே, ஷட்டரைத்தான் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். வெளியே வந்து இழுத்துவிட்டேன். உள்ளேயிருந்து மறுபடியும் அதையே கத்தினான்.

"பந்த் பண்ணியாச்சு மாப்ள" என்றேன்.

முனைக்கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது மாரிசெல்வி சோற்றுத்தூக்கோடு வாசலில் நனைந்துகொண்டு நின்றாள். மெஷின் சத்தம் மட்டும் ஒரே சீராக வந்தது.

"அவுக தூங்குதாகளா அண்ணே? கூப்ட்டா சத்தமே இல்ல."

"ஆமாம்மா" என்றேன்.

அவளை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. மற்றபடி இது ஒரு வார்த்தைக் குழப்பம், யாருக்கும் வரக்கூடியது. வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: அவன் பந்த் பண்ணச் சொன்னான், நான் பண்ணினேன்.

பூட்டச் சொல்லவில்லை. அது மட்டும் நானாகச் செய்தது.