கைக்கடக்கமான சாமான்

ஓடுகிறேன். இடுப்பில் என் மகள் வள்ளி. மூன்று வயது. அழவில்லை. என் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டிருக்கிறாள். காலில் செருப்பு இல்லை. கடைக்குப் பின்னால் போஞ்சிப் பாத்தி. பீன்ஸ் கொடி ஏற நட்டிருக்கும் குச்சிகள் முட்டியில் இடிக்கின்றன. பனி. பாத்தியின் அந்தக் கோடி தெரியவில்லை. பின்னால் சத்தம். கண்ணாடி உடைகிறது. பிறகு பலகை. பிறகு சிரிப்பு.

சிரிப்பைத்தான் முதலில் எழுத வேண்டும். கலவரம் என்றால் கூச்சல் என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். எங்கள் கடை வாசலில் சிரித்தார்கள்.

எனக்கு முன்னால் ஒருவர் ஓடுகிறார். வேட்டி அவிழ்ந்து காலில் இழுபடுகிறது. வலது கையில் ஒரு துப்பாக்கி. அவர் என் கணவர்.

"நங்கி! மெஹே! மெஹே!"

பேக்கரியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மெனிக்கே கத்துகிறாள். தங்கச்சி, இங்கே, இங்கே என்கிறாள். பேக்கரிக்காரரின் மனைவி. சிங்களப் பெண். கையெல்லாம் மாவு. என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துப் போடுகிறாள். கதவுக்குக் குறுக்கே மாவு மூட்டையைத் தள்ளுகிறாள்.

இடம், இலங்கை மலைநாட்டில் பண்டாரவளை. ஐம்பத்தெட்டாம் ஆண்டு. மே மாதக் கடைசி. விடிந்தும் விடியாத நேரம்.

இனி அந்தத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு விருப்பமில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் அன்று நாங்கள் அந்தக் கடையில் இருந்திருக்கவே மாட்டோம்.

முந்தின வருடம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பினார். கட்டில், நாற்காலி, பீங்கான் எல்லாவற்றையும் விற்றார். நாற்காலி வாங்கப் போன என் கணவர் துப்பாக்கியோடு வந்தார். நாங்கள் உட்கார்ந்தது பழைய முக்காலியில்தான். பதுளைக் கச்சேரிக்கு, அந்த அரசாங்க அலுவலகத்துக்கு, நடையாய் நடந்து லைசென்ஸ் எடுத்தார். மகளுக்கு அம்மைப்பால் குத்தக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றால் அந்த மனிதருக்கு நேரம் கிடைக்காது.

வீட்டில் அதற்குப் பெயர் 'சாமான்'. துப்பாக்கி என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாதாம். ஆனால் பஜார் முழுக்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியதும் மற்ற முதலாளிமார் வருவார்கள். நான் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். அவர்கள் கத்தரிக்காய் வாங்குகிறவர்கள் மாதிரி அதைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள்.

"ஒரு வாட்டி இந்த மேல்மூடியப் பின்னால இழுத்து விட்டாப் போதும். அப்புறம் ஒவ்வொரு குண்டா அதுவே ஏத்திக்கிரும். நம்ம விசைய அமுக்குனாப் போதும்" என்பார் என் கணவர்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

ஆகா என்பார்கள். அவர்களில் ஒருவருக்கும் எலி அடித்த அனுபவம்கூடக் கிடையாது.

அவர் சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போயிருந்த ஒரு நாள் நானும் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சின்னது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதுதான் அதன் பெருமை. குறையும் அதுதான். பிடியில் இரண்டு விரல் நிற்கும், சுண்டுவிரல் அந்தரத்தில் ஆடும். என் கைக்கே அப்படி. அவருடையது முறம் மாதிரிக் கை. குறி பார்க்க மேலே ஒரு மேடு, கடுகளவு. கண்ணாடி இல்லாமல் விலைச்சீட்டு வாசிக்க முடியாத மனிதருக்கு அது எங்கே தெரியப் போகிறது? மேல்மூடியை இழுத்தேன். அசையவில்லை. பக்கத்தில் ஒரு சின்ன நெம்பு. ஒரு பக்கம் தள்ளினால் சுடாது, மறுபக்கம் தள்ளினால் சுடும். எந்தப் பக்கம் எது என்று அவரே வந்தவர்களிடம் மாற்றி மாற்றிச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு தடவை சுட்டுப் பார்த்தார். தெமோதரைக்குப் போகும் வழியில், ஆற்றங்கரையில். பாறைமேல் பிஸ்கட் டின். பக்கத்தில் அவர் தம்பி முத்தையா. கொஞ்சம் தள்ளி நான். சத்தம் 'சட்' என்றது. காய்ந்த சுள்ளியை முறிக்கிற சத்தம். டின் நின்ற இடத்திலேயே நின்றது.

"காத்து" என்றார்.

ஒரு இலைகூட அசையவில்லை. முத்தையா சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

முத்தையாவுக்கு இருபத்து நான்கு வயது. கடையில் துணி அளப்பான். அளந்து முடித்ததும் அரை விரற்கடை சேர்த்துத்தான் கிழிப்பான். அண்ணன் திட்டுவார். மறுபடியும் அப்படியே கிழிப்பான். பதுளையில் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. ஆவணியில் கல்யாணம். அந்த வீட்டில் என்னிடம் முகம் பார்த்துப் பேசியவன் அவன் ஒருவன்தான். டின் விழவில்லை என்பதை அவனும்தான் பார்த்தான். இருந்தாலும் நம்பினான். துப்பாக்கியை அல்ல, அண்ணனை.

இனி எண்ணெய். துரை ஒரு சின்ன டின்னில் துப்பாக்கி எண்ணெய் கொடுத்திருந்தார். தினமும் துடைத்தால் எத்தனை நாளைக்கு வரும்? தீர்ந்தது. இவர் தேங்காயெண்ணெய்க்கு மாறினார். அதுவும் எண்ணெய்தானே என்றார்.

பண்டாரவளையில் குடியிருக்கிற எவருக்கும் தெரியும். காலையில் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. வெள்ளையாக உறைந்து கிடக்கும். அடுப்போரம் வைத்து இளக்கித்தான் தலைக்குத் தேய்க்க வேண்டும். அவர் தலைக்கும் தினமும் அப்படித்தான். அந்தத் தலைக்குள் இது ஏறவில்லை. துப்பாக்கிக்குள் போனால் எண்ணெய்க்குப் புத்தி வந்துவிடும் என்று நினைத்தார் போலிருக்கிறது. எண்ணெய் போட்டு இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். வீட்டிலேயே குளிர்ந்த இடம் அதுதான்.

முந்தின நாள் மாலை. கொழும்பிலிருந்து வந்த செய்திகளில் ஒன்றும் நல்லதில்லை. தமிழர்களை அடிக்கிறார்கள், கடைகளைச் சூறையாடுகிறார்கள் என்றார்கள். பஜாரில் பாதிக் கடை மூடிவிட்டது. இரும்புக் கடைக்காரர் லொறி பிடித்திருந்தார். பதுளையில் கச்சேரிப் பக்கம் பொலிஸ் காவல் இருக்கிறது, அங்கே போய்விடலாம் என்று ஏற்பாடு. லொறி எங்கள் வாசலில் நிற்கிறது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது.

"ஏறுங்க! இடம் இருக்கு! சுருக்கா ஏறுங்க!"

முத்தையா மூட்டை கட்டிவிட்டான். நான் வள்ளியைத் தூக்கிவிட்டேன். என் கணவர் இரும்புப் பெட்டியைத் திறந்து சாமானை எடுத்தார். துணி வெட்டுகிற மேசைமேல் வைத்தார். லொறியில் இருந்தவர்களுக்கும் தெரியும்படி வைத்தார்.

"எவன் வருவான்? வந்து பாக்கட்டும்."

"என்னங்க, புள்ளயப் பாருங்க. போயிருவோம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. லொறியில் இருந்த முதலாளிமாரைப் பார்த்தார். ஒரு வருடமாக அவர்களுக்கு வித்தை காட்டியவர், அவர்கள் கண் முன்னால் மூட்டை தூக்கிக்கொண்டு ஏறுவாரா? மானம் போய்விடுமே. முத்தையா மேசையைப் பார்த்தான். பிறகு மூட்டையைக் கீழே வைத்தான்.

"அண்ணே இருக்காகல்ல, மதினி" என்றான்.

லொறி போய்விட்டது. வளைவில் திரும்பிய பிறகும் அதன் சத்தம் வெகுநேரம் கேட்டது. அன்று இரவு அவர் சாமானுக்கு மறுபடியும் எண்ணெய் போட்டார். கறிக்குத் தாளிக்கிற மாதிரி ஊற்றினார்.

விடிகாலை. லொறிச் சத்தம். இரும்புக் கடைக்காரர் திரும்பி வந்துவிட்டார் என்று முத்தையா எழுந்தான். அவர் இல்லை. நிறையக் காலடிகள். பிறகு கதவுப் பலகையில் அலவாங்கு, இரும்புக் கடப்பாரை. 'டங்'. இடைவெளி. 'டங்'. மூன்றாவதில் பலகை பிளந்தது. வள்ளி பாயில் எழுந்து உட்கார்ந்தாள்.

இருபது பேர் இருக்கும். ஒருவனுக்கு நானே சட்டைத்துணி எடுத்துக் காட்டியிருக்கிறேன். உள்ளறைக் கதவிடுக்கில் நின்று அவர்களுடைய கண்களைப் பார்த்தேன். எல்லாக் கண்ணும் துணி அடுக்கிய தட்டுகளில்தான் இருந்தது. துணியை எடுத்துக்கொண்டு அப்படியே போயிருப்பார்கள். இதை நான் கடைசிவரை சொல்வேன்.

இவர் துப்பாக்கியோடு முன்னால் போனார். அவர்கள் நின்றார்கள். ஓரடி பின்வாங்கவும் செய்தார்கள். அந்த ஒரு கணம் சாமான் வேலை செய்தது. இல்லையென்று சொன்னால் பொய். அப்படியே நீட்டிக்கொண்டு நின்றிருந்தாலே போதும். முத்தையா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே போனான். தமிழிலும் சிங்களத்திலும் மாற்றி மாற்றிக் கத்தினான்.

"போங்க! சுட்டுருவாரு! போயிருங்க!"

அவன் காப்பாற்ற நினைத்தது அவர்களை.

அவர் விசையை அமுக்கினார். 'டிக்'.

அவ்வளவுதான். குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். இது குரைக்கவும் இல்லை. மறுபடியும் அமுக்கினார். இந்தத் தடவை 'டிக்'கும் வரவில்லை. மேல்மூடியை இழுக்கப் பார்த்தார். எண்ணெயில் விரல் வழுக்கியது. உள்ளே எல்லாம் வெள்ளையாக இறுகிக் கிடந்தது.

ஒருவன் சிரித்தான். பிறகு எல்லாரும்.

"கஹப்பாங்!"

அடி என்று அர்த்தம். அலவாங்கு மேலே போனது. முத்தையா இன்னும் கையை விரித்தபடிதான் நின்றான். அடுத்த சத்தம் எனக்குத் தெரியும். அதை எழுத மாட்டேன்.

என் கணவர் ஓடிவந்தார். அவர் முழங்கை என் நெஞ்சில் இடித்தது. நிற்கவில்லை. வள்ளி இருந்த பாயைத் தாண்டிப் போனார். நான் குனிந்து அவளைத் தூக்கினேன்.

இப்போது பேக்கரி. அடுப்பில் நெருப்பு. மெனிக்கே எங்களை அடுப்புச் சுவரோடு ஒட்டி உட்கார வைக்கிறாள். வள்ளியின் கையில் ஒரு பாண் துண்டு. சுவருக்கு அப்பால் துணி கிழிகிறது. ஒரு சேலைக்கு இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள். இனத்துக்காகப் பொங்கி எழுந்தவர்கள் என்று பிறகு யாரோ மேடையில் பேசினார்களாம். தூ! நூல் சேலைக்குப் பொங்கியவர்கள்.

தேங்காயெண்ணெய் மணக்கிறது. திரும்பிப் பார்க்கிறேன். அடுப்புச் சூட்டில் துப்பாக்கி ஒழுகுகிறது. அவர் மணிக்கட்டில் வழிந்து முழங்கையில் சொட்டுகிறது. அவர் மேல்மூடியை இழுத்துப் பார்க்கிறார். வழுக்கிக்கொண்டு வருகிறது. சுடாத குண்டு தெறித்துத் தரையில் உருள்கிறது. மேல்மூடி 'கிளக்' என்று முன்னால் போய் உட்காருகிறது.

"இப்பச் சுடும். முத்தையா அங்க கெடக்கான். போங்க" என்றேன்.

அவர் முழங்கையில் வழிந்த எண்ணெயை வேட்டியில் துடைத்தார்.

"உசுரு இருந்தாலும் இருக்கும். எந்திரிங்க."

முழங்கால்களைக் கட்டிக்கொண்டார். நான் எழுந்தேன். மெனிக்கே என்னைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். வள்ளியைக் காட்டினாள். உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அந்த மனிதரிடம் நான் எதையும் கேட்டதில்லை.

இராணுவ லொறி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. முத்தையா வாசலில் கிடந்தான். உயிர் இல்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பிரேதத்துக்காக நாங்கள் பொலிஸ் ஸ்டேஷனில் காத்திருந்தோம். ஒரு பொலிஸ் அதிகாரி துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார். குண்டுகளை உருவினார். முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார். நன்றாகத் துடைத்து, கொல்லையில் மண்மூட்டையைப் பார்த்துச் சுட்டார். 'சட். சட். சட்.' ஒன்றும் தவறவில்லை. கையில் தூக்கிப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்.

"நல்ல சாமான். கையாள லேசு. குறை ஒண்ணும் இல்ல."

என் கணவரின் முகம் மலர்ந்தது. தம்பி பிணவறையில் கிடக்கிறான். இவர் முகம் மலர்ந்தது.

"தொரகிட்ட வாங்குனதுங்க" என்றார்.

இழந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கடை. அதில் இருந்த துணி முழுவதும். தையல் மெஷின். என் நாலு சேலை. கல்யாணத்துக்கென்று முத்தையா எடுத்து வைத்திருந்த பட்டு வேட்டி. பதுளையில் ஒரு பெண்ணின் ஆவணி மாதம். துப்பாக்கி தொலையவில்லை. அதில் ஒரு கீறலும் இல்லை. என் கணவரும் வெகுகாலம் இருந்தார். அவர் செத்த பிறகு அவரையும் இழப்பில் சேர்க்கச் சொன்னார்கள். சேர்க்க மாட்டேன்.

இதைக் கேட்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் ஒன்றுதான் விசாரிக்கிறார்கள். அது என்ன துப்பாக்கி? எந்த நாட்டுத் தயாரிப்பு? எத்தனை குண்டு பிடிக்கும்? செத்தவனுக்கு என்ன பெயர் என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஆள், ஒருவன். முத்தையா.