கிணற்றுப் பெட்டியின் பெயர்

அந்தப் பெட்டி ஜீரோ வாட் பல்பு தின்கிற கரண்டில் பாதிகூடத் தின்னாது, சார். அதை முதலில் ஸ்டேஷன் ரைட்டரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஏதோ பெரிய மிஷின் ஆளைக் கொன்றுவிட்டதாக ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். பெட்டி உள்ளங்கை அகலம்தான் இருக்கும். கேபிள்காரர்கள் கெட்டுப்போனதென்று கழித்துக் கட்டிய பழைய ரௌட்டர். கம்பெனிக்காரன் உள்ளே போட்டு வைத்திருப்பதை அழித்துவிட்டு லினக்ஸ் ஏற்றினால், செத்ததாகச் சொன்ன பெட்டி எழுந்து உட்காரும். ஒரு சின்ன சோலார் தகடு போதும், வருஷக்கணக்கில் ஓடும்.

லினக்ஸ் தனியொரு முதலாளியின் சொத்து இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது உள்ளே எழுதியதை மறைக்காமல் திறந்து கொடுக்க வேண்டும், எழுதியவன் பெயரை அழிக்கக் கூடாது. நான் கேட்டதும் அவ்வளவுதான். நியாயமில்லாத எதையும் நான் யாரிடமும் கேட்டதில்லை.

என் பெயர் ஹேமநாத். புத்தூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் தமிழ், படித்தது தெலுங்கு மீடியம். ஆந்திர எல்லையான இந்தப் பக்கத்தில் எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான். கணக்கு, கரண்ட், கம்ப்யூட்டர் எல்லாம் எனக்குள் தெலுங்கில் ஓடும். அழுவதும் திட்டுவதும் மட்டும் தமிழில். இது பின்னால் உதவும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் நாராயணவனம் போகிற ரோட்டில் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு குடும்பத்துக்கு ஒரே கிணறு. யார் முறைக்கு யார் மோட்டார் போட்டார்கள் என்று வருஷா வருஷம் மண்டை உடையும். நான் ஒரு பெட்டியைக் கொண்டுபோய் ஸ்டார்ட்டர் பக்கத்தில் மாட்டினேன். முறைப்படி அதுவே மோட்டாரை ஓட விடும், அதுவே நிறுத்தும். ஒரே வருஷத்தில் சண்டை நின்றுவிட்டது. பிறகு கோயிலுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று. பெட்டிகளுக்குப் பெயர் வேண்டுமே, அது இருக்கிற இடத்தைத் தெலுங்கில் எப்படிச் சொல்வோமோ அதையே வைத்தேன். கோயில் பெட்டிக்குக் குடி, பள்ளிக்கூடப் பெட்டிக்குப் படி.

பழனி அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "சாமி பொட்டிக்குக் குடின்னா பேரு வச்சிகினு கீற? அப்பிடின்னா நான் தெனம் சாயங்காலம் கோயிலுக்குத்தான் போய்கினு கீறேன்னு உங்க அண்ணியாண்ட சொல்லு தம்பி" என்றார். இறந்தது அவர்தான், சார். கிணற்றில் தூர் எடுக்க, மோட்டார் கழற்ற, கேபிள் ஒட்ட, எங்கள் ஊரில் இறங்குகிற ஆள்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கிணற்றில் இறங்கும் முன் போர்டிலிருந்து பீஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டுதான் இறங்குவார். ஒரு தடவை ஏறி வந்து அப்படியே சந்தைக்குப் போய்விட்டார். அன்று முழுக்க மோட்டார் ஓடவில்லை, பெட்டி என்னவோ கெட்டுவிட்டதாக ஊரே என்னை ஏசியது. எனக்கு எரிச்சலாக இருந்தது. அதற்காகவே ஸ்டாப் என்று ஒன்றை எழுதிச் சேர்த்தேன். போனில் ஸ்டாப் போட்டால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். அது எரிகிறவரை யார் என்ன செய்தாலும் மோட்டார் ஓடாது.

"பீஸு என் மடியில இருந்தாத்தான் தம்பி, என் உசுரு என்னாண்ட கீற மாதிரி" என்றார் அவர்.

"அதெல்லாம் அந்தக் காலம்ணா. செவப்பு எரிஞ்சா நான் கேரண்டி" என்றேன்.

பல தடவை சொல்லித்தான் கேட்டார். கடைசியில் என்மேல் நம்பிக்கை வைத்து விட்டுவிட்டார். அப்புறம் அவர் பீஸ் பிடுங்கி நான் பார்க்கவில்லை.

இனி ஹரிபாபு. காலேஜில் என் பக்கத்து பெஞ்ச். எங்கள் ஊர்ப் பையன்தான், திருப்பதியில் கம்பெனி ஆரம்பித்தான். என்னிடம் வந்து, "டேய் ஏமு, இத்த நாலு ஊருக்கு கொண்டுகினு போலாம்டா" என்றான். சந்தோஷமாகக் கொடுத்தேன். எழுதியதெல்லாம் திறந்துதானே கிடக்கிறது, எடுத்துக்கொள் என்றேன். எடுத்துக்கொண்டான். ஒரு வருஷத்தில் எல்லாப் பெட்டியிலும் அவன் கம்பெனி ஸ்டிக்கர். உள்ளே பார்க்க முடியாதபடி பூட்டினான். என் ஊர்ப் பெட்டிக்கும் பாஸ்வேர்டை மாற்றினான். பேப்பரில் அவன் படம் வந்தது, ஊரில் அவனுக்கு மாலை போட்டார்கள். மாலை போட்ட கூட்டத்தில் நானும் நின்றேன். என்னைப் பார்த்து, "வயர் வேலையெல்லாம் நம்ம ஏமுதான் பாத்தான்" என்றான். வயர் வேலை.

அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். பெட்டி எழுந்திருக்கும்போது உள்ளே ஒரு வரி ஓடும்: நாராயணவனம் ரோடு ஹேமநாத் எழுதியது, எல்லோருக்கும். யார் கண்ணிலும் படாத வரி. அதனால் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அதையும் தேடிப் பிடித்து அழித்திருந்தான். எனக்குக் கோபம் வந்தது, சார். இப்போது உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேனே, இப்போதும் வயிறு எரிகிறது. பொதுச் சொத்தில் பூட்டுப் போட்டவனைத் திருடன் என்றுதானே சொல்ல வேண்டும்? ஆனால் இந்த அறையில் உட்கார்ந்திருப்பவன் நான்.

அவன் போட்ட பூட்டு எனக்குப் பூட்டே இல்லை. எனக்கென்று ஒரு வழியை மூடாமல் வைத்திருந்தேன். அதை யாருக்கும் சொன்னதில்லை. திறந்த மென்பொருளில் அப்படி வைப்பது முறையல்ல என்பதும் எனக்குத் தெரியும்.

அன்று காலை திருப்பதியிலிருந்து பெரிய மனிதர்களை ஹரி எங்கள் கிணற்றுக்குக் கூட்டிவந்தான். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் அவனே படம் போட்டான், எல்லோரும் குடை பிடித்துக்கொண்டு கிணற்றைச் சுற்றி நின்றார்கள். நான் கடையில் இருந்தேன். ஒரு சின்ன யோசனை வந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மோட்டார் தானாக ஓட வேண்டும். ஹரி நிறுத்தப் பார்ப்பான், நிற்காது. பூட்டிய பெட்டி யார் பேச்சைக் கேட்கிறது என்று அத்தனை பேரும் பார்ப்பார்கள். யாருக்கும் தீங்கில்லாத ஒரு அவமானம். அவன் எனக்குச் செய்ததைவிடக் கொஞ்சம்தான்.

கடையிலிருந்தே அந்த மூடாத வழியாகப் பெட்டிக்குள் போனேன். ஸ்டாப் போட்டிருந்தது.

ஸ்டாப் போட்டிருந்தால் கிணற்றுக்குள் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அந்த விதியை எழுதியது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் வந்தவர்களுக்குச் செய்து காட்ட ஹரி சும்மா போட்டிருப்பான் என்று நினைத்தேன். அப்படி நினைக்க இடம் இருந்தது. ஸ்டாப்பை எடுத்தேன். அங்கே சிவப்பு விளக்கு அணைந்திருக்கும்.

அத்தோடு நான் விட்டிருப்பேன், சார். இதை நீங்கள் நம்ப வேண்டும். விளக்கு அணைந்ததைக் கண்டு அவன் முகம் மாறியிருக்கும், எனக்கு அது போதும். அப்போதுதான் அவன் போன் வந்தது. எங்கள் ஊரில் சிக்னல் எப்படியென்று உங்களுக்கே தெரியும், பாதிச் சொல் காற்றில் போய்விடும். எனக்கு விழுந்தது இவ்வளவுதான்: "ஒரேய்... பாவி... பாவி..."

திருடியவன் என்னைப் பாவி என்கிறான். என் பெயரை அழித்தவன், எனக்கு மாலை போட வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு, என்னைப் பாவி என்கிறான். தலைக்கு ரத்தம் ஏறிவிட்டது. மோட்டாரை ஓட விட்டேன்.

தெலுங்கில் அந்தச் சொல்லுக்குக் கிணறு என்று அர்த்தம். 'கிணற்றில் பழனி இருக்கிறான்' என்று அவன் கத்தியதாக ஹரி எழுதிக் கொடுத்திருக்கிறான், நீங்கள் படித்துக் காட்டினீர்கள். அவன் பொய் சொல்லவில்லை. வந்தவர்களோடு காலையிலிருந்து தெலுங்கு பேசிய வாய், பயத்தில் எனக்கும் தெலுங்கிலேயே கத்தியிருக்கிறது. தமிழ் எழுத்தில் இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் கிடையாது. காதில் கேட்டால் முதல் எழுத்து மட்டும் கொஞ்சம் மாறும். நான்தான் ஆரம்பத்திலேயே சொன்னேனே, திட்டு எனக்குத் தமிழில்தான் கேட்கும். எல்லையில் பிறந்தவனுக்கு வருகிற தப்பு இது. ரைட்டர் தெலுங்கில் எழுதும்போது அந்த ஒரு சொல்லை மட்டும் திட்டு என்று விளங்கும்படி எழுதச் சொல்லுங்கள். கிணறு என்று எழுதிவிட்டால் கேஸே வேறாகிவிடும்.

பழனி அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கேபிள் ஜாயிண்டைப் பிரித்துக் கையில் வைத்திருந்தாராம். மேலே இழுத்துப் போட்டபோது வேட்டி மடிப்பில் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவர் சம்சாரம் கங்கம்மாள் அண்ணி என்னை அடிக்கவில்லை, சபிக்கவும் இல்லை. "உன் பேச்ச கேட்டுகினுதான பீஸ புடுங்காம எறங்குச்சி" என்று மட்டும் சொன்னது. ஹரி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். அவன் பூட்டாமல் இருந்திருந்தால் நான் உள்ளே போகவே வேண்டி வந்திருக்காது. அதை யாரும் அவனிடம் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்காததால் நான் சொல்லவில்லை. அந்தப் பெட்டிகளுக்குச் சும்மா பட்டனை அழுத்தி உத்தரவு கொடுக்க முடியாது. முதலில் அதன் பெயரை அடிக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் பெட்டி கேட்காது. கோயிலுக்குக் குடி, பள்ளிக்கூடத்துக்குப் படி என்று சொன்னேன் அல்லவா, கிணற்றுக்கும் அதே மாதிரிதான் வைத்தேன்.

ஹரி கத்திக்கொண்டிருந்தான். நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவன் சொல்லச் சொல்ல அதே சொல்லை இங்கிலீஷில் அடித்தேன். நாலு எழுத்து. முதல் எழுத்து பஸ்ஸுக்குப் போடுகிற எழுத்து, பாவத்துக்குப் போடுகிற எழுத்து இல்லை. சரியாகத்தான் அடித்தேன், சார். மோட்டார் உடனே ஓடியது.