மணிமேடை வச்ச கொட்டகை

எழும்புங்க ஐயரே, எழும்புங்க. முழங்கால்ல மண்ணு ஒட்டியிருக்கும், தட்டிக்கிடுங்க. இது கோயிலு இல்ல. சத்தியமாட்டுத்தான் சொல்லுகேன், கோயிலு இல்ல. வாசல்ல கழட்டிப் போட்ட செருப்ப எடுத்துக் கால்ல மாட்டுங்க. அந்தத் தூண்ல ஒரு போர்டு தொங்குகுல்லா, வாசியுங்க. இது ஆலயம் அல்ல, செருப்புடன் உள்ளே வரலாம், கை தட்டலாம். எல்லாரும் வாசிப்பாவ. செருப்பக் கழட்டி வச்சிட்டு, துண்ட எடுத்து இடுப்புல கெட்டிக்கிட்டு, பயபக்தியா வாசிப்பாவ.

வெக்கப்படாண்டாம். கையில பெட்டியும் கக்கத்துல குடையுமா நீங்க வந்தப்பவே தெரிஞ்சு போச்சு, நம்ம சபைக்குப் புது பாதிரி ஐயரு நீங்கதான்னு. ஒங்களுக்கு முன்னால வந்தவரும் இப்பிடித்தான், அவருக்கு முன்னால வந்தவரும் இப்பிடித்தான். புதுக்கடை முக்குல பஸ்ஸ விட்டு எறங்கினா மொதல்ல கண்ணுல படுகது ஒசரமா மணி தொங்குக இந்த மணிமேடதான். நேரா இங்க வந்து முழங்கால் போட்டுருவாவ. நம்ம அசல் கோயிலு அந்தத் தென்னந்தோப்புக்கு அங்கோட்டு, குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும். டீக்கன் செல்வதாஸ் அங்க மாலையோட காத்துக்கிட்டு இருப்பாரு. இருக்கட்டும். வெயிலு தாழட்டும், பைய போலாம். இந்தக் கருப்பட்டிக் காப்பியக் குடியுங்க.

அந்தத் திரையா? நாடகக்காரன் விட்டுட்டுப் போனது. பெறகு சொல்லுகேன். அந்த வெட்டுச் சத்தமா? பின்னால தோப்புல வேல நடக்கு, அது கெடக்கட்டும்.

கெட்டுனது யாருன்னா கேக்கிய? பேரு வாசலுக்கு மேல கல்லுல வெட்டியிருக்கு, வாசிச்சிக்கிடுங்க. ஊருல எல்லாரும் மொதலாளின்னுதான் சொல்லுவாவ, நானும் அப்பிடியே சொல்லிட்டுப் போறேன். கொழும்புக்குக் கருவாடு ஏத்தி விட்ட ஆளு. யாவாரத்துக்குப் போன எடத்துல ஒரு நாளு மழைக்கு ஒதுங்கினாராம். ஒதுங்கினது ஒரு பெரிய கொட்டகைக்குள்ள. உள்ள பாத்தா ரெண்டு வெள்ளக்காரன் கையில உறை மாட்டிக்கிட்டு மூஞ்சி மூஞ்சியாக் குத்துகான், சுத்தி ஒரு ஊரே உக்காந்து கத்துகு. மறுநாளு அதே எடத்துல பாட்டுக் கச்சேரி. வெளிய மழ கொட்டுகு, உள்ள ஒருத்தன் மேலயும் ஒரு பொட்டு வெள்ளம் விழல்ல. அவ்வளவுதான், மனுசனுக்கு அன்னைக்குப் பிடிச்ச கிறுக்கு.

நம்ம ஊரு மழையப் பத்தி ஒங்களுக்குத் தெரியாது, இனிமே தெரிஞ்சுக்கிடுவிய. ஆனி ஆடியில ஒண்ணு, ஐப்பசியில ஒண்ணு. நாடகம் போட்டா ராஜாவுக்க மீசை நனைஞ்சு வாய்க்குள்ள போயிரும். அடிமுறைக்காரன் ரெண்டு பேரு மோதினா, சகதியில எவன் எவன அடிக்கான்னு அவனுவளுக்கே தெரியாது. மொதலாளி போற எடமெல்லாம் ஒரே பாட்டு. நம்ம ஊருக்கும் ஒரு கூரை வேணும், அதுக்கடியில ஊரு முழுக்க ஒரே ஒரு தடவையாவது ஒண்ணா இருந்து கை தட்டணும், அதப் பாத்துட்டு நான் கண்ண மூடணும். பைபிளு தூக்குக வேதக்காரன் பாதி, விபூதி பூசுக கும்பிடுகாரன் பாதின்னு இல்ல. ஊரு முழுக்க. ஆசைன்னா இப்பிடியில்லா இருக்கணும், கடலக் கொண்டு வந்து கெணத்துல ஊத்துக மாதிரி.

ரத்தினம் மேஸ்திரியக் கூப்பிட்டு விட்டாரு. மேஸ்திரி கைராசிக்காரரு, கொற சொல்லப்பிடாது. ஆனா கோயிலத் தவிர வேற ஒண்ணும் கெட்டி அறியாதவரு. மொதலாளி சொன்னாரு, ஓய் மேஸ்திரி, ஆளு நெறைய இருக்கணும், எல்லாரும் முன்னால பாத்து இருக்கணும். மேஸ்திரி தலையாட்டினாரு. முன்னால ஒசரமா ஒரு மேட, ஏறப் படி, மேடைக்கு முன்னால ஒரு கம்பித் தடுப்பு. அதுக்கும் ஆட்டினாரு. கடைசியில இருக்கவனுக்கும் சத்தம் கேக்கணும், கூரை நல்லா ஒசரமா வேணும், காத்துக்குப் பெரிய சன்னலு வேணும். எல்லாத்துக்கும் ஆட்டினாரு. பின்ன என்ன, நீங்களே சொல்லுங்க, இதெல்லாம் கூட்டினா என்ன வரும்? குஸ்திக்குன்னு இவரு ஒரு வார்த்த சொல்லல்ல, கோயிலுக்கான்னு அவரும் கேக்கல்ல. ரெண்டு பெரிய மனுசங்க பேசிக்கிட்டா இப்பிடித்தான் முடியும்.

சொல்லிட்டு மொதலாளி கொழும்புக்குப் போயிட்டாரு. வேல முடிஞ்சுதுன்னு ஆளு விட்டப்ப வந்து முக்குல எறங்கினாரு. பாத்தா மணிமேட. வண்டிக்காரன்ட்ட கேட்டாராம், நம்ம ஊருல யாருலே புதுசா கோயிலு கெட்டுகான்னு. அது மொதலாளிக்க கோயிலுல்லான்னு அவன் சொன்னான். உள்ள வந்து பாத்தா கூம்பு சன்னலு, கிழக்க பாத்து மேட, முழங்கால் போடத் தோதா கம்பி. மேஸ்திரி கையக் கெட்டிக்கிட்டு நிக்காரு. மணிமேட நீங்க சொல்லல்ல, மறந்திருப்பியன்னு நானே வச்சிட்டேன், மணி கொல்லத்துல இருந்து வந்திருக்குன்னாரு. சவம், வேல அத்தன சுத்தம், எப்பிடி இடிக்க? மொதலாளி அந்தத் தூணப் பிடிச்சிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரு. சிரிச்சாருன்னு ஊருல சொல்லுவாவ. அது சிரிப்பு இல்ல. எனக்குத் தெரியும்.

சரி, மணி இருக்குல்லா, அத வச்சே ஊரக் கூட்டுவோம்னு நெனச்சாரு. நாடகக் கம்பெனி வந்து எறங்கின சனிக்கிழமை, சாயங்காலம், தானே கயித்தப் பிடிச்சு இழுத்தாரு. நேரங்கெட்ட நேரத்துல மணியடிச்சா என்ன அர்த்தம்? ஒங்க ஊருலயும் அதுதானே. சாவு. ஓடி வந்தானுவ பாருங்க. வயல்ல நின்னவன் மம்பட்டியோட வாறான். பனையில நின்னவன் பாதிக் கலயத்தோட எறங்கி வாறான். பொம்பளைய எல்லாம் நெஞ்சுல அடிச்சிக்கிட்டு வாறாவ. சவப்பெட்டி செய்யுத ஆசாரி அளவு கம்போட வந்துட்டாரு. கும்பிடுகாரனும் வந்தான், சாவுக்கு என்ன வேதம். கொட்டக நெறஞ்சு முற்றமும் நெறஞ்சு போச்சு. யாரு செத்தாவ, யாரு செத்தாவன்னு ஒரே கேள்வி. மொதலாளி மேடையில ஏறி, யாரும் சாவல்ல, நாடகம் இருக்கு, எல்லாரும் இருங்கன்னாரு. வாங்கிக் கெட்டிக்கிட்டாரு ஏச்சு. வெத்தலய மென்னு துப்புகதுக்குள்ள கொட்டக காலி. ஆசாரிக்குத்தான் ரொம்பக் கோவம், வேல போச்சுல்லா. வீட்டுக்கு வந்து மொதலாளி சோத்துல கை வச்சிக்கிட்டுச் சொல்லுகாரு, இருந்தாலும் நெறஞ்சுதுல்லான்னு.

அதுக்குப் பெறகு அடிமுறைப் போட்டி. இந்தப் பக்கம் பகவதியப்பன் ஆசான், அந்தப் பக்கம் கன்னியாகுமரிக் கடப்புறத்து மரியஜான். ஆளு வந்தாவ, இல்லன்னு சொல்லல்ல. ஆம்பளைய ஒரு பக்கம், பொம்பளைய மறுபக்கம், நடுவுல வழி. யாரும் சொல்லல்ல, தானா அப்பிடி இருந்தாவ. தும்மல் வந்தவன் வெளிய போயித் தும்மிட்டு வாறான். மரியஜான் படி ஏறும்போதே நெத்தியில சிலுவ போட்டான். ஆசான் கண்ண மூடிக் கும்பிட்டாரு. கும்பிட்டுட்டு ரெண்டு பேரும் அப்பிடியே நிக்காவ. மொதலாளி மோதுங்கலேன்னா, மரியஜான் சொல்லுகான், இங்கன வச்சு எப்பிடி மொதலாளி ஒருத்தன அடிக்க? பின்னால இருந்து ஒருத்தன் அடிலேன்னு கத்துனான், பக்கத்துல இருந்தவன் அவன் தொடையக் கிள்ளி, கோயில்ல சத்தம் போடாதலேங்கான். கடைசியில ஆசான் மரியஜானுக்க தோள்ல பூப்போல ஒரு தட்டு. அவன் பதிலுக்கு ஒரு தட்டு. முடிஞ்சுது போட்டி. ஒரு கை தட்டலு கூட இல்ல. எல்லாரும் எழும்பித் தல குனிஞ்சு நின்னுட்டு வரிசையா வெளிய போனாவ. அன்னைக்குத்தான் மொதலாளி இந்தப் போர்ட எழுதித் தொங்க விட்டாரு.

கச்சேரியா? அதையும் கேக்கியளா. மதுரையில இருந்து ஒருத்தரு வந்தாரு. ஆர்மோனியத்துல ஒரு கட்டய அமுக்கினாரு, பொம்பளைய பக்கம் மொத்தமும் கோயில்ல பாடுக கீர்த்தனத்துக்கு எழும்புக மாதிரி எழும்பி நின்னுட்டுது. அவரு சுருதி பாக்கத்தான் அமுக்கினாரு. பயந்து போயி அவரும் எழும்பி நின்னாரு.

சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சவதான்.

பெறகு டீக்கன்மாரு வந்தாவ. கர்த்தரே மேஸ்திரிக்க கையப் பிடிச்சு இத நடத்தியிருக்காரு, சபைக்கு எழுதித் தந்திருங்கன்னாவ. கர்த்தருக்குக் கோயிலு வேணும்னா என்கிட்டயில்லா கேக்கணும், மேஸ்திரிட்டயா போயிச் சொல்லுவாருன்னு மொதலாளி கேட்டாரு. அதோட வாய மூடிக்கிட்டு இருந்தாருன்னா தீந்துது. வாயும் சும்மா இருக்காது. ஒங்களுக்குக் குடுத்தா பாதி ஊருதான் உள்ள வரும், எனக்கு முழு ஊரு வேணும்னாரு. அதோட அவர சபைக்குப் புறம்பாக்கிட்டாவ. திருவிருந்து கெடையாது. செத்தா மணி கெடையாது, ஜெபம் கெடையாது, கல்லறைத் தோட்டத்துல எடம் கெடையாது. இந்தக் கொட்டகைக்குள்ள கால் வைக்கவனுக்கும் அதே கெதி. வேதக்காரன் வாறது அப்பிடி நின்னுது. கும்பிடுகாரனோ, இது வேதக்கோயிலு, நமக்கு என்ன சோலின்னு ஒதுங்கிட்டான். போன வருசம் மகாராஜா எல்லா சாதிக்காரனுக்கும் கோயிலத் தொறந்து விட்டாரு, ஊரே போயிக் கும்பிட்டுட்டு வந்துது. இவரு எப்பமே தொறந்து போட்ட கதவுக்கு ஒருத்தனும் வரல்ல.

மனுசன் விட்டாரா? சனிக்கிழமை தோறும் வெளக்கு ஏத்தி, கடைசி வரிசையில தனியா உக்காந்திருப்பாரு. கை தட்டிப் பாப்பாரு. மேஸ்திரி கெட்டின கூரைல்லா, சத்தம் அப்பிடியே திரும்பி வரும். யாரோ முன்னால இருந்து தட்டுக மாதிரி இருக்கும். சோத்துக்குக் கூப்பிட வந்த என்கிட்ட, கேட்டியா, கேட்டியான்னு கேப்பாரு. வெவரங்கெட்ட மனுசன்.

காப்பி குடிச்சாச்சா? டம்ளர இப்பிடித் தாங்க.

அந்தத் திரையக் கேட்டியல்லா. அதுக்குப் பின்னால மேடையில படுத்திருக்காரு. விடியக்காலம் போயிட்டாரு. நானும் அடுத்த வீட்டு அன்னக்கிளியும்தான் குளிப்பாட்டி, கொழும்புக் கோட்ட மாட்டி விட்டோம். இப்ப கோட்டு லூசாட்டு இருக்கு. தோப்புல குழி வெட்டுகது பகவதியப்பன் ஆசான். டீக்கன்ட்ட ஆளு விட்டேன். மணி அடிக்க முடியாது, புது ஐயரு இன்னைக்கு வாறாரு, அவருட்டயும் சொல்லி வைக்கேன்னு பதிலு வந்துது. அவரு சொல்லுகதுக்கு முன்னால நான் சொல்லணும்லா? பஸ்ஸு வாற நேரம் எனக்குத் தெரியும். மணிமேடயப் பாத்துட்டு நேரா இங்கதான் வருவியன்னும் தெரியும். காலையில இருந்து இந்தப் படியில இருக்கேன். மேஸ்திரி செஞ்ச வேலைக்கு இன்னைக்குத்தான் ஒரு பலன்.

பேரு கேட்டிய, நான் சொல்லல்ல. கெட்டுன புருசன் பேர எப்பிடி வாயால சொல்ல? ஜெபத்துல நீங்க சொல்லணும்லா, கல்லப் பாத்து வாசிச்சிக்கிடுங்க.

யோசிக்கியளா. யோசியுங்க. நாளைக்கு டீக்கன் ஒங்கள உக்கார வச்சு, யாரு உள்ள, யாரு புறம்புன்னு எல்லாம் சொல்லித் தருவாரு. இன்னைக்கு ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது. வழி தப்பி வந்த ஐயரு, ஒரு சாவு வீடு, ஒரு ஜெபம், அவ்வளவுதான். கோயிலு இல்ல, கோயிலு இல்லன்னு கத்திக் கத்தியே தொண்ட போன மனுசன். அவருக்காக ஒரு மணி நேரம் இது கோயிலா இருக்கட்டும். அதுக்கு மேல வேண்டாம், அவருக்குப் பிடிக்காது.

நான் போயிக் கயித்த இழுக்கேன். ஓடி வருவானுவ. மம்பட்டியோட, கலயத்தோட, வேதக்காரன் கும்பிடுகாரன் எல்லாம் வருவானுவ. டீக்கன் தடையெல்லாம் மணிச் சத்தம் கேட்டா ஓர்ம இருக்காது. யாரு செத்தாவன்னு கேப்பானுவ. இந்தத் தடவ பதிலு உண்டு, ஏசிக்கிட்டுத் திரும்பிப் போவ முடியாது. அளவு கம்போட வாற ஆசாரிக்கும் வேல உண்டு. கை மட்டும் எவனும் தட்ட மாட்டான். போட்டும், நெறஞ்சாப் போதும்.

எழும்பிட்டியளா? நல்லாருப்பிய. திரைய நான் விலக்குகேன், நீங்க மேடப் பக்கம் போங்க.

செருப்பா? கழட்டிப் போட்டுருங்க ஐயரே.