மஞ்சாவை வாங்க வந்தவரு

...போட்டோவுல பாத்தா எல்லாமே சோக்காதான் சார் கீது. போட்டோவுல சத்தம் வராதில்ல? நாத்தம் வராதில்ல? அந்த சேர்ல குந்தாதீங்க, எச்சம் காஞ்சி கெடக்குது. இப்டி வாங்க. எங்க வூட்டுக்காரரு தினை வாங்கப் போயிகீறாரு, வந்துடுவாரு. வெலை கிலையெல்லாம் அவுருகிட்டதான் பேசணும், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பெருக்குறது. காலைல பெருக்கணும், மத்தியானம் பெருக்கணும், சாய்ங்காலம் வெளக்கு வெக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தபா. ஃபேன் போட்டாப் போதும், தினைத் தோலு பறந்து வந்து சாம்பார்ல வுழும். எங்க சம்பந்தியம்மா ஒருநாளு சாப்புட்டுட்டு, "இன்னா திரிபுரசுந்தரி, சாம்பார்ல தினை போட்டுகீற, சுகருக்கு நல்லதா?"ன்னு கேக்குறாங்க. ஆமாங்க, ரொம்ப நல்லதுன்னுட்டேன். வேற இன்னா சொல்றது?

ஆமா சார், நீங்க பாக்க வந்தது இதான். தோ, என் தோள் மேல குந்திகினு கம்மல நோண்டிகினு கீதே, இதேதான். கைய நீட்டாதீங்க. கடிக்கும்னு சொல்ல மாட்டேன்... கடிக்கும்.

சன் கன்யூர்னு ஒரு மஞ்சக் கிளியாம். அவுரு வெச்ச பேரு சன்னி. நான் மஞ்சான்னு கூப்புடுவேன். சன்னின்னு கூப்ட்டா செவுடு மாதிரி குந்திகினு இருக்கும், மஞ்சான்னாதான் திரும்பும். வில்லங்கமே அங்கதான் சார். சொல்றேன், சொல்றேன். இன்னா அவசரம், அவுரு வரணுமில்ல?

எங்க வூட்டுக்காரரு பேரு லோகநாதன். காமராஜபுரம் போற வழில சிமெண்டு கம்பி கடை பாத்திருப்பீங்களே, நம்மளுதுதான். மாமனாரு காலத்துல செம்பாக்கம் ஏரிக்குக் கீழ நஞ்சை இருந்துச்சி. இப்ப அங்க பூரா வூடு. மாடு வெச்சிகினு இருந்த குடும்பம் சார். ஒரு நாயி வெச்சிகினாலும் ஞாயம் கீது. இவுரு கிளி வெச்சிகினாரு. தெருவுல போனா, "இன்னா லோகா, சோசியம் பாக்குறியா, எனக்கு ஒரு சீட்டு எட்து குடேன்"னு கேக்குறாங்க. பச்சக்கிளி இல்ல சார், நம்மூரு கிளிய அடைச்சி வெச்சா கேசு ஆய்டும். இதெல்லாம் வெளிநாட்டு சாதி. கவர்மெண்டுல பதிஞ்சி வெச்சிகீறாரு. கல்யாணத்த இன்னிக்கு வரிக்கும் பதியல, கிளியப் பதிஞ்சிட்டாரு.

மொதல்ல ஒரே ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸு. பொண்ணு அனுப்பிரியா சின்னதா இருக்கும்போது பல்லாவரம் சந்தைல அழுதான்னு வாங்குனாரு. பொண்ணு இப்ப கட்டிகினு ஓசூரு போயிட்டா, பறவ போவல. பானைல முட்ட வெச்சிது, குஞ்சி வந்துச்சி, அந்தக் குஞ்சிக்குக் குஞ்சி. அப்பறம் காக்டெயிலு. சரக்கு இல்ல சார், தலைல கொண்ட வெச்ச கிளி. "மாமா மாடில காக்டெயில் வெச்சிகீறாரு"ன்னு யாரோ சொல்லி, என் தம்பி சைடிஸ் வாங்கிகினு வந்துட்டான். மாடி ரூமு நான் வத்தல் காய வெக்கக் கட்டுனது. இப்ப அதுல ஏத்தி ஏத்தி கூண்டு. மீன் விக்கிற முனியம்மா கோவளத்துலருந்து வருவா, அவகிட்ட கடல்நுரை சொல்லி வெச்சி வாங்குறாரு, பறவங்க அலகு தீட்டிக்குமாம். "வவ்வாலு மீன் வாங்கு லோகான்னா கடல்ல ஒதுங்குற குப்பைய வாங்குறியே"ன்னு அவளே சிரிக்கிறா.

சரி, வளக்குறாரு, வளக்கட்டும். குஞ்சிக்கு கைல தீனி குடுக்குறேன்னு ஒன்னு பண்ணுவாரு பாருங்க, அதான் பேஜாரு. மாவு கீது, வெந்நில கொழப்பி வளச்ச ஸ்பூன்ல குடுக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தபா. என் தங்கச்சி ரேணுகாம்பா பொண்ணு கல்யாணம் பீர்க்கன்கரணைல. பெரியப்பாக்காரரு, எங்க வூட்டுக்காரருதான், பட்டு வேட்டி கட்டிகினு கைல ஒரு டப்பாவோட வராரு. எல்லாரும் நகை டப்பான்னு நெனச்சி நவுந்து வழி வுட்றாங்க. இவுரு நேரா சமையல்கட்டுக்குப் போயி வெந்நி கேக்குறாரு. தாலி கட்டுற நேரத்துல பெரியப்பா எங்க, பெரியப்பா எங்கன்னு தேடுறாங்க. பெரியப்பா சமையல்காரங்க நடுவுல குந்திகினு காக்டெயிலு குஞ்சிக்கு ஊட்டிகினு கீறாரு. அதுங்க கண்ணு தொறக்காம, முடி மொளைக்காம, பாக்க சகிக்காது சார். ரேணு மாமியாரு எட்டிப் பாத்துட்டு, "இன்னா கறி அது?"ன்னு கேட்டாங்க. அன்னிலருந்து ரேணு எங்கிட்ட சரியா பேசறதில்ல.

இருங்க, நான் இன்னா சொல்ல வந்தேன்... ஆங், மஞ்சா.

இதோட ஆத்தா அப்பன வாங்கியாந்து வருசக் கணக்கா சும்மா துன்னுகினு இருந்துதுங்க. முட்டயே இல்ல. போன வருசம் மழக் காலத்துல திடீர்னு வெச்சிது. ஒன்னே ஒன்னு பொரிஞ்சிது. அவுரு தெருவுக்கே கேசரி குட்தாரு. அனுப்பிரியா பொறந்தப்பக்கூட கல்கண்டோட நிறுத்திக்கினவரு. ஆனா ஆத்தாக்காரி தீனி குடுக்கல, ஒதுக்கித் தள்ளுது. இவுரு வெளில எட்து, பொட்டில பல்பு போட்டு, பக்கத்துலயே பாய் போட்டுக்கினாரு.

அந்த வாரமே கடைல சிமெண்டு மூட்ட மேல சாஞ்சிட்டாரு சார்.

கடை ஆளு தினகரன் ஆட்டோல அள்ளிப் போட்டுகினு ஓடுனான். நெஞ்சுல அடைப்பு, ஒடனே கம்பி வெக்கணும்னுட்டாங்க. ஊருக்கே கம்பி விக்கிறவருக்குக் கம்பி. இன்னிக்கு சிரிச்சிகினு சொல்றேன், அன்னிக்கு செருப்புகூட மாட்டாம ஓடுனேன். உள்ள இட்டுகினு போறதுக்கு முன்னாடி ஸ்ட்ரெச்சர்லருந்து கைய நீட்டி என் கையப் புட்ச்சாரு. இத்தினி வருசம் குடும்பம் நடத்திகீறோம், ஏதோ சொல்லப் போறாருன்னு குனிஞ்சி காதக் குட்தேன். "சூடு பாத்துக் குடு. மணிக்கட்டுல ஒரு சொட்டு வுட்டுப் பாரு"ன்னாரு. அவ்ளோதான். கதவு சாத்திட்டாங்க.

எனக்கு வந்த கோவத்துக்கு... அப்டியே வுட்டுட்டு அங்கயே குந்தியிருக்கணும். ஓசூர்லருந்து பொண்ணு வந்து குந்துனதும் நேரா வூட்டுக்கு வந்தேன். அதுவரிக்கும் நான் ஒரு பறவயத் தொட்டதில்ல சார். பெருக்குனதோட சரி. பொட்டியத் தொறந்தேன், ஜில்லுனு கீது. பல்பு ஃபீஸ் போயிகீது. அது அசையல. செத்துடுச்சின்னே நெனச்சேன். எட்து உள்ளங்கைல வெச்சி மூடி, மூச்ச ஊதி ஊதி... ரொம்ப நேரம் கழிச்சி கழுத்து ஆடுச்சி. மாவு கரைச்சி, மணிக்கட்டுல வுட்டுப் பாத்து, ஸ்பூனக் காட்டுனேன். மண்டைய இப்டி இப்டி ஆட்டி ஆட்டி குடிச்சிது. குடிச்சிட்டு என் வெரல் மேலயே தூங்கிட்டுது.

ஒன்னு சொல்றேன், சிரிக்காதீங்க. எனக்கு ஒரு கிறுக்கு நெனப்பு. இது பொழச்சா அவுரும் பொழச்சிடுவாரு. இது போச்சின்னா... அவ்ளோதான். யாருகிட்ட சொல்றது இத? பொண்ணுகிட்ட சொன்னா, அம்மாக்கு மண்ட கொழம்பிப் போச்சின்னுவா. அதுனால ஆஸ்பத்திரில இருக்க வேண்டிய பொண்டாட்டி வூட்ல குந்திகினு கிளிக்கு ஊட்டிகினு கீறான்னு சொந்தக்காரங்க பேசுனாங்க. பேசட்டும்னு வுட்டேன். கண்ணு தொறந்து மொதமொதல்ல அது பாத்தது என் மூஞ்சதான்.

அவுருகிட்டயும் சொல்லல. எப்டி சொல்றது, நீ செத்துடுவன்னு நெனச்சேன்னா சொல்றது?

வூட்டுக்கு வந்தாரு. கம்பி வெச்சப்பறம் சளி, காய்ச்சல்னு இழுத்து, ரெண்டு மாசம் கழிச்சி, எளச்சி, தாடியோட, படி ஏற முடியாம. வாசல்லயே "சன்னி எங்க?"ன்னாரு. அதுக்குள்ள எறக்க மொளைச்சி தளதளன்னு ஆயிட்டுது. பெருமையா அவுரு கைல வெச்சேன் சார். ஒரே கடி. ரத்தம். ரத்தம் உறையாத மாத்தர துன்னுகினு கீறாரு, துணிய வெச்சி அமுக்கி அமுக்கிப் பாக்குறேன், நிக்கல. இந்தச் சனியன் பறந்து வந்து என் தோள்ல குந்திகினு அவுரப் பாத்து கத்துது.

அன்னிக்குப் போன பேச்சிதான். மூஞ்சத் தூக்கி வெச்சிகினாரு. கிளி மேல கோவம்னா கிளிகிட்ட காட்டணும், எங்கிட்ட காட்டுனா? காபி வேணும்னா செவுத்தப் பாத்து, "காபி இருந்தா யாராச்சும் குடுக்கலாம்"ன்றாரு. நானும் ஃபிரிட்ஜப் பாத்து, "சக்கர இல்லாத காபி டேபிள் மேல கீது"ன்றேன். இப்டியே ஓடுது. இது வேற, அவுரு சாப்புட குந்துனா எதிர்ல என் தோள்ல நின்னுகினு கழுத்த நீட்டி நீட்டி வம்பு இழுக்குது. பொறுத்துப் பொறுத்துப் பாத்தாரு. ஒருநாளு போன்ல போட்டோ எட்து, விக்கிறதுக்குப் போட்டுட்டாரு. என்ன ஒரு வார்த்த கேக்கல. நானும், சரி வித்துக்கோ, எனக்கு இன்னா, பெருக்குற வேலை மிச்சம்னுட்டேன். செவுத்துகிட்டதான்.

உங்களுக்கு முன்னாடியும் வந்தாங்க சார். மேடவாக்கத்துலருந்து ஒரு டாக்டரம்மா வந்தாங்க. அவங்க கேட்டுல கால வெச்சதும் இவுரு, "தினை தீந்துபோச்சி"ன்னு செருப்ப மாட்டிகினு கெளம்பிட்டாரு. பரண் மேல முழு மூட்ட தினை கீது. இன்னாடா இதுன்னு, அந்தம்மாக்குத் தண்ணி குட்துட்டு மாடிலருந்து எட்டிப் பாத்தேன். தெருமுன டீக்கடைல, பேனருக்குப் பின்னாடி நின்னுகினு, கழுத்த மட்டும் நீட்டி நம்ம கேட்டையே பாத்துகினு கீறாரு. டாக்டரம்மா வெறுங்கையோட போனப்பறம்தான் வூட்டுக்கு வந்தாரு. வந்து, "இன்னா, வாங்கலியா"ன்னு செவுத்தக் கேட்டாரு. அடுத்து வந்தவருக்கும் அதே தினைதான்.

புரியுதா சார்? அவுருக்கு, "விக்கல"ன்னு வாயத் தொறந்து சொல்ல கவுரவம். எனக்கு, "விக்காத"ன்னு சொல்ல ரோசம். நடுவுல நீங்கள்லாம் பெட்ரோல் போட்டுகினு வர்றீங்க. நான் யாரையும் வாணாம்னு சொன்னதில்ல. உள்ளதச் சொல்வேன். நேரமாவுது, சொல்லி முடிக்கறதுக்குள்ள அவங்களே...

இருங்க, போனு.

அலோ. ஆங். இன்னா? ஆமா, குந்திகினுதான் கீறாரு. வெச்சிட்டாரு.

இன்னா கேட்டாரு தெரியுமா? "வெள்ள காரு இன்னும் நிக்கிதே"ன்றாரு. எத்தினி மாசம் கழிச்சி எனக்கு நேரா போன் பண்ணிகீறாரு, கேக்குறதப் பாருங்க. டீக்கடைல நின்னு கால் வலிக்குது போல. கம்பி வெச்ச ஒடம்பு, நிக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிகீறாரு.

நீங்க மணி பாக்காதீங்க. ஒரு காபி குடிச்சிட்டுப் போங்க. இல்ல, குடிக்காம அனுப்ப மாட்டேன், இவ்ளோ நேரம் காது குட்துகீறீங்க. நான் உள்ளருந்தே பேசறேன், கேக்கும் உங்களுக்கு. கேக்குதா? பறவதான் வேணும்னா ஆப்ரிக்கன் லவ் பேர்ட்ஸு ஒரு ஜோடி கீது சார், அது சாது, ஒன்னு பச்ச, ஒன்னு பீச் பழக் கலரு. உங்க வூட்டம்மாக்குப் புடிக்கும். அத அவுரு நெசமாவே குடுப்பாரு. உங்களுக்கு சக்கர போடலாமா? சுகர் கிகர் ஒன்னும் இல்லியே? ஸ்ட்ராங்கா, லைட்டா? சார்?

சார்?

...செருப்பக் காணோம். பாரு மஞ்சா, கேட்டக்கூட சாத்தாம போயிகீறாரு.

அலோ. ஆங், போயிட்டாரு. இல்லங்க, நான் ஒன்னியும் சொல்லல. நெசமாதான். எத்தினி டீ குடிச்சீங்க? சக்கர போட்டா? ...சரி, வாங்க வூட்டுக்கு. மெதுவா ஏறுங்க. ...இல்ல, சும்மாதான். வந்து குந்துங்க, ஒன்னு சொல்லணும். உங்கள ஆஸ்பத்திரில போட்டிருந்தப்ப நடந்தது. ...போன்ல சொல்றது இல்லங்க அது. ...யாரு அழுதா? பாலு பொங்கி அடுப்புல வழிஞ்சி பொகையுது. வாங்க.