நாளுக்கு ஒரு மயிரிழை

காலையில் எங்கள் அறைக்கு முதலில் வந்து ஜன்னல் திரைகளை இறக்கிவிடுகிறவன் நான்தான், மேடம். யாரும் என்னிடம் அந்த வேலையைச் சொல்லவில்லை. கிழக்குப் பார்த்த கண்ணாடிச் சுவர். வெயில் நேராக மானிட்டர்களில் விழுந்தால் யாருக்கும் கண் கூசும். மற்றவர்களின் கண்மீது எனக்கு அக்கறை உண்டு என்பதற்காக மட்டும் இதைச் சொல்கிறேன். நீங்கள் மனிதவளத் துறையில் இருக்கிறீர்கள். ஓர் ஆளைக் குற்றத்தை மட்டும் வைத்து எடைபோட மாட்டீர்கள்.

நாங்கள் பேருந்து டிக்கெட் பதிவு செய்யும் மென்பொருள் எழுதுகிறவர்கள். நீள மேசை, இரு பக்கமும் நாற்காலிகள். என் இடம் ஓரத்தில். எனக்கு இரண்டு மானிட்டர்கள்: ஒன்று சாதாரணமாகப் படுத்திருக்கும், மற்றொன்றை நிமிர்த்தி நெட்டையாக நிறுத்தியிருக்கிறேன். நிரல் மேலிருந்து கீழே போவது; அதைப் படிக்கும் திரையும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. கறுப்புப் பின்னணி, அடக்கமான பச்சை எழுத்து. நிரல் எழுதும் எடிட்டரும் பழையது, எல்லாம் விசைப்பலகையிலேயே; மவுஸ் பக்கமே கை போகாது. இதையெல்லாம் நான் யார்மீதும் திணித்ததில்லை. கேட்டவர்களுக்குச் சொன்னேன். கேட்காதவர்களுக்கு, கேட்க மறந்திருப்பார்கள் என்று நானாகவே சொன்னேன்.

அந்தப் பையன் புதிதாகச் சேர்ந்து என் பக்கத்து நாற்காலிக்கு வந்தபோது ஒயரெல்லாம் மாட்டிக்கொடுத்தது நான்தான். நல்ல பிள்ளை. வாய் நிறைய 'அண்ணா' என்பான். வந்த கொஞ்ச நாளில், சொந்தச் செலவில் ஒரு வளைந்த மானிட்டர் வாங்கி வந்தான். மேசையின் பாதியை அடைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நிறுத்திவைத்த படகு மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அலுவலகத்தில் அவனுக்கு 'வளைவு' என்றே பெயர். அதில் குற்றமில்லை. ஆனால் அவன் வெள்ளைப் பின்னணிக்காரன். அவ்வளவு பெரிய திரை முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. அதன் நடுவில் கறுகறுவென்று எழுத்து.

அந்த வெளிச்சம் என் இடது கன்னத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். என் கண்ணில் தண்ணீர் வரும். மத்தியானத்துக்கு மேல் ஒரு அடைப்புக்குறி இரண்டாகத் தெரியும். அவன் வருவதற்கு முன் எனக்குக் கண் தொந்தரவே இருந்ததில்லை. இருந்திருந்தாலும், அதற்கு வேறு யாராவது காரணமாக இருந்திருப்பார்கள்.

முதலில் முறையாகத்தான் கேட்டேன்.

"தம்பி, அந்த வெள்ளையைக் கொஞ்சம் கறுப்பாக்கிக்கலாமே?"

"இல்லண்ணா, கறுப்பைப் பார்த்தா எனக்குத் தூக்கம் வருது."

அதோடு விட்டுவிட்டேன். நான் சண்டைக்காரன் இல்லை.

பிறகு ஒருநாள் எங்கள் டீம் லீடர் காப்பிக் கோப்பையோடு அந்தப் பக்கம் வந்தார். வளைந்த மானிட்டரின் முன்னால் நின்று இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பினார்.

"அட, தியேட்டர் மாதிரி இருக்கேப்பா. எல்லாருக்கும் இதையே போட்டுரலாம் போலிருக்கே. எதுக்கு ஆளுக்கு ரெண்டு ரெண்டு?" என்றவர், என் நெட்டை மானிட்டரைப் பார்த்து, "இது ஏன் தண்டனை வாங்கின பையன் மாதிரி நிக்குது?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வளைவு மட்டும் சிரிக்காமல், "அண்ணாவோட கழுத்துக்கும் இந்த வளைஞ்சதுதான் சார் நல்லது," என்றான். என் கழுத்தைப் பற்றி அவனிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

எங்கள் கணினிகள் காலையில் உயிர் பெற்றதும் ஒரு சின்ன நிரல் ஓடும். தேவையான மென்பொருள்களைப் புதுப்பித்து, எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதை எழுதிப் பராமரிப்பது நான். அதில் சில வரிகள் சேர்த்தேன். அவை வளைவின் கணினியில் மட்டும் வேலை செய்யும். திரையில் உள்ள எழுத்து நாளுக்கு ஒரு மயிரிழை சிறுக்கும். எழுத்தின் கறுப்பு நாளுக்கு ஒரு மயிரிழை வெளுத்துச் சாம்பலாகும். எடிட்டர், மெயில், பிரவுசர் எல்லாவற்றிலும் ஒரே அளவாக. ஒன்று மட்டும் தப்பினால் சந்தேகம் வரும். அவன் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டால், மறுநாள் காலை அது பழையபடி, இன்னும் ஒரு மயிரிழை குறைந்து வந்து நிற்கும்.

யாருக்கும் கெடுதல் நினைத்துச் செய்ததில்லை. வளைந்த மானிட்டர் சரிப்படாது என்று அவனாகவே உணர வேண்டும் என்று விரும்பினேன். சொல்லித் திருத்துவதைவிட அது நாகரிகமானது.

முதலில் அவன் நாற்காலியை முன்னால் இழுத்தான். அப்புறம் கழுத்தை நீட்டினான். பிறகு மூக்கு திரையில் முட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டான். வளைந்த மானிட்டருக்குள் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தவனைப் பின்னாலிருந்து பார்த்தால், பாத்திரத்துக்குள் எதையோ தேடுகிறவன் மாதிரி இருக்கும். அதில் ஒரு நன்மையும் இருந்தது. பாதி வெளிச்சத்தை அவன் தலையே மறைத்துவிட்டது.

"அண்ணா, எனக்குக் கண்ணு மங்குதுண்ணா. ஆனா போன்ல எல்லாம் நல்லாத்தான் தெரியுது."

"போன் கண்ணுக்குக் கிட்ட இருக்குல்ல தம்பி. கிட்டப் பார்வை கடைசியாத்தான் போகும்."

நான் மருத்துவன் இல்லை. ஆனால் அவன் கேட்டான், ஏதாவது சொல்ல வேண்டும்.

கண் டாக்டரிடம் போனான். கண் நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார். இதில் அவன் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். ஆனால் டாக்டருக்கே பிடிபடாத வியாதி என்று முடிவு கட்டி, இன்னும் பயந்துபோனான். இன்னொரு டாக்டர், இவன் படுத்தியது தாங்காமல் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். பயம் வந்துவிட்டால் பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்கிறது, மேடம். தெருவில் கடைப் பெயர்ப் பலகைகள்கூட மங்குகின்றன என்றான். அதில் எனக்குச் சம்பந்தமில்லை.

அவன் மனைவி எனக்கு போன் செய்தாள்.

"அண்ணா, நீங்கதான் அவருக்குப் பக்கத்துல உக்கார்றீங்க. ஆபீஸ்ல எப்படி இருக்காரு? பைக் சாவியை நான் வாங்கி வெச்சுக்கிட்டேன். நானே கொண்டுவந்து விட்டுட்டுப் போறேன்."

"கவலைப்படாதம்மா, நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றேன். அது பொய்யில்லை.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவன் சாப்பிடாமல் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மகளின் படம். இன்னும் பள்ளிக்குப் போகாத குழந்தை.

"என்ன தம்பி, சாப்பிடல?"

"பாப்பா மூஞ்சியை மனசுல ஏத்திக்கிறேண்ணா. எல்லாம் இருட்டாயிட்டா அப்புறம் எங்க போய்ப் பார்க்கிறது?"

நான் கல் இல்லை. அன்று போய் அந்த வரிகளைத் திறந்தேன். மறுநாள் எழுத்து சிறுக்காதபடி நிறுத்திவைத்தேன். சாம்பலை மட்டும் அதன் போக்கில் விட்டேன்.

இதற்குள் டீம் லீடரும் பயந்துவிட்டார். "அந்த வளைஞ்ச சனியன் யாருக்கும் வேண்டாம்பா, ஒரு பையன் கண்ணையே வாங்கிருச்சு," என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். என் நெட்டை மானிட்டர் தப்பித்தது. அதற்குப் பிறகாவது ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதலில் கற்றுக்கொள்வது.

உதவியும் செய்தேன். கண்ணுக்கு ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். கருவிழியை மேலே, கீழே, இடம், வலம் உருட்டி, கடைசியில் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மெதுவாக மூச்சுவிட வேண்டும். எங்கும் படித்ததில்லை, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அங்கேயே உண்டாக்கியது. சிரத்தையாகச் செய்தான்.

ஆனாலும் வேலை செய்ய முடியவில்லை. கமாவுக்கும் புள்ளிக்கும் வித்தியாசம் தெரியாதவன் எப்படி நிரல் எழுதுவான்? கெஞ்சிக் கூத்தாடி, கீழ்த்தளத்தில் வாடிக்கையாளர்களோடு போனில் பேசும் பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான். பேருந்தில் குடையை விட்டவர்களிடமும், டிக்கெட்டை ரத்து செய்ய முடியாமல் திட்டுகிறவர்களிடமும் பேசுகிற வேலை. போகும்போது அந்தப் பெரிய மானிட்டரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனான். நான் அவன் பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் வரை போனேன்.

போன மறுநாளே மூச்சிரைக்க ஓடிவந்தான். கீழே புதுக் கணினி, என் வரிகள் அதில் இல்லை.

"அண்ணா! எல்லாம் தெரியுதுண்ணா! பளிச்சுன்னு தெரியுது! உங்க பயிற்சிதாண்ணா!"

எல்லோர் எதிரிலும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். அவன் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. "முயற்சி உன்னோடது தம்பி," என்று மட்டும் சொன்னேன்.

டீம் லீடர் உடனே உத்தரவு போட்டார். தினமும் தேநீர் வேளையில் நான் எல்லோருக்கும் கண் பயிற்சி நடத்த வேண்டும். அறை முழுக்க ஆட்கள் வரிசையாக நின்று விழியை உருட்டினார்கள். வளைவு கீழிருந்து வந்து முதல் வரிசையில் நிற்பான். கணக்குப் பிரிவிலிருந்தும் வர ஆரம்பித்தார்கள். தங்களுக்குத் தலைவலி குறைந்ததாக இருவர் சொன்னார்கள். நான் இதற்கெல்லாம் ஆசைப்பட்டவன் இல்லை, தானாக வந்தது.

வளைவின் பழைய கணினியை, புதிதாகச் சேர்ந்த ஒரு டெஸ்டர் பெண்ணுக்குக் கொடுத்ததுதான் வினை. பிழை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள். வந்து உட்கார்ந்ததும், "என்ன இது, கொசு முட்டை மாதிரி எழுத்து?" என்றாள். வேறு யாராவது இருந்தால் தன் கண்ணைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். அவள் கணினியைச் சந்தேகப்பட்டாள். பயிற்சி நேரத்தில், எல்லோரும் உள்ளங்கையால் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தபோது, அவள் குரல் மட்டும் கேட்டது.

"கண்டுபிடிச்சிட்டேன். காலையில ஓடுற ஸ்கிரிப்ட்ல யாரோ வேலை காட்டியிருக்காங்க. இந்த ஒரு மெஷின்ல மட்டும் எழுத்தைச் சுருக்குது."

எல்லோரும் கையை எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. யார் சேர்த்தது என்று அதிலிருந்து தெரிய வழியில்லை. குழுவுக்குப் பொதுவான லாகின் கணக்கிலிருந்து சேர்த்திருந்தேன். நான் பேசாமல் இருந்திருந்தால் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் அவள் அதோடு நிறுத்தவில்லை.

"எவனோ கத்துக்குட்டி எழுதியிருக்கான். சுருக்கிக்கிட்டே போறானே தவிர, எங்க நிக்கணும்னு ஒரு எல்லைகூட வைக்கல."

மேடம், இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரு மனிதன் எவ்வளவுதான் பொறுப்பான்?

"எல்லை வெச்சிருக்கும்மா," என்றேன். "அடுத்த ஃபைல்ல இருக்கு. முழுசாப் படிச்சிட்டுப் பேசு."

வளைவுதான் முதலில் பேசினான். கோபப்படவில்லை.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சாண்ணா?"

"ஆரம்பத்துலேர்ந்தே நல்லாத்தான் இருந்துச்சு தம்பி."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். இவ்வளவு நல்ல செய்தியை எதிர்பார்த்திருக்க மாட்டான்.

ஆக, செய்தது நான்தான். யார் தூண்டுதலும் இல்லை. எழுதித் தாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொஞ்சம் பெரிய எழுத்தாக இருந்தால் நல்லது. ஏனென்றால் எனக்கும் ஒரு புகார் இருக்கிறது. நான் உண்மையைச் சொன்னதற்கே காரணம் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதையே இப்போது யாரோ எனக்குச் செய்துகொண்டிருக்கிறார்கள். வளைவு கீழே போன பிறகும் என் எழுத்து மங்கிக்கொண்டே வருகிறது. அந்தக் காலை நிரலை வரிவரியாகப் பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை, செய்கிறவன் என்னைவிடக் கெட்டிக்காரன். வேறு கணினியில் உட்கார்ந்து பார்த்தேன், அங்கேயும் வந்துவிட்டான். வீட்டில் செய்தித்தாளைக் கையை நீட்டிப் பிடித்தால்தான் தெரிகிறது. அதை அச்சடிப்பதும் கணினிதானே.

என் மனைவி நச்சரித்ததால் கண் டாக்டரிடம் போனேன். நாற்பது தாண்டினால் எல்லோருக்கும் வருவதுதான், படிக்கிற கண்ணாடி போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்றார். நல்ல மனிதர், அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் மேடம், எழுத்துகளை வரிசையாகக் காட்டிப் படிக்கச் சொல்வார்களே, அது இப்போதெல்லாம் அட்டை இல்லை. சுவரில் மாட்டிய மானிட்டர். வெள்ளைப் பின்னணி. கீழே போகப் போக எழுத்து சிறுத்துக்கொண்டே போகிறது. இதை யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டேன். அவர் கண்ணாடிக்கு மட்டும் சீட்டு எழுதித் தந்தார்.

நீங்கள் அங்கிருந்து விசாரிக்க ஆரம்பிக்கலாம்.