நாலு ஓட்டை வச்ச சீமை வால்வு

லோகநாதன்: ...அதான் சொல்றேன் மேரி, நாளைக்கு சாவியக் குடுத்துடணுமாம். நம்ம சோதனை ஷெட்டு குளோஸ்.

மேரி: குடோனு ஆக்கறாங்களா?

லோகநாதன்: ஆமா. மொதலாளி சீமையில பம்பு கம்பெனி வாங்கினாரே, அங்கேர்ந்து கப்பல்ல வந்துச்சே பனி வார்ற மம்முட்டி, நாப்பது பெட்டி... அத அடுக்கணுமாம்.

மேரி: கும்மிடிப்பூண்டில பனியா! அய்ய...

லோகநாதன்: சிரிக்காதம்மா. அறுபத்தி ரெண்டுலேர்ந்து பதினோரு வருசமா புதுசு புதுசா பம்பு செஞ்ச கை இது. நாளையிலேர்ந்து பேக்கிங்ல ஆணி அடிக்கணும். கேட்டா, "மூளைக்குத்தான் சீமை இருக்குதே, உனக்கு இன்னாத்துக்குப்பா யோசனை"ங்கறாரு.

மேரி: அங்க மட்டும் இன்னா கிழிக்கறாங்க? ஆபீஸ் கடுதாசி எல்லாம் நான்தான பாக்கறேன். "உங்ககிட்டதான் சோதனை ஷெட்டு இருக்குதே"ன்னு அவங்க ஷெட்டை போன வருசமே மூடிட்டாங்க.

லோகநாதன்: அப்போ... இன்னிக்கு மொதலாளி பூசணிக்கா ஒடைச்சுப் பெட்டி பிரிச்சாரே, சீமை வால்வு?

மேரி: நீ பாத்தியா அத?

லோகநாதன்: பாத்தேன்.

மேரி: பாத்து...?

லோகநாதன்: அது என்து மேரி! சேறு அடைக்காத வால்வு. எளாவூர் வயல்ல ஓட்டிக் காமிச்சேன். "நம்மாளு செஞ்சத எவன் வாங்குவான்"னு தூக்கிக் கடாசினாரு. இன்னிக்கு அதுக்கே மாலை போட்டுக் கும்புடறாரு!

மேரி: அண்ணே, திட்டக் கூடாது. குப்பைல கெடந்துச்சு... நான்தான் சீமைக்குப் போற சாம்பிள் பெட்டில போட்டு அனுப்பிட்டேன். பேரு கீரு எழுதல. அதப் பாத்து அப்படியே செஞ்சு திருப்பி அனுப்பிக்கீறாங்க.

லோகநாதன்: அடிப்பாவி!

மேரி: உன் பேரப் போட்டா பிரிச்சிருப்பாங்களா? சரி வா, மேல மொதலாளிகிட்ட போய் சொல்லிடலாம். நீ செஞ்சதுன்னு தெரிஞ்சா ஷெட்டை மூட மாட்டாரு.

லோகநாதன்: நம்பணுமே...

மேரி: நம்புவாரு. உள்ள ஆடுற மூடில நாலு ஓட்டை போட்டு, திருப்பி அடைச்சிருக்குதாமே? காரணம் தெரியாம இஞ்சினீருங்க காலைலேர்ந்து மண்டைய ஒடைச்சிக்கறாங்க. சீமைக்காரனும் "அளவ மாத்தாதீங்க"ன்னு மட்டும்தான் எழுதிக்கீறான். நீ காரணத்தச் சொல்லு, ஷெட்டு உன்து.

லோகநாதன்: அதத்தான் சொல்ல முடியாது.

மேரி: ஏன், அவ்ளோ பெரிய ரகசியமா?

லோகநாதன்: மூடிக்குத் தகடு கெடைக்கல. ஒரு பட்டனை வச்சு, ஓட்டைல தாரு ஊத்தி அடைச்சேன்.

மேரி: பட்டனா! இருக்கட்டுமே, அதச் சொல்றதுக்கு இன்னா?

லோகநாதன்: ஆயுத பூஜை அன்னிக்கு மொதலாளி கோட்டைக் கழட்டி நாற்காலில மாட்டி வச்சிருந்தாரு... இப்போ போய்ப் பாரு, நடுவுல ஒண்ணு கொறையும்.