முறை காட்டும் படம்

வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பு கிடையாது என்பதற்காகத்தான் பிள்ளைகள் என் பாடத்தை எடுத்தார்கள். அதை நான் தப்பாக நினைத்ததில்லை. 'தொழில்நுட்பம், உலகமயமாக்கல், பண்பாடு' என்று நீளமான பெயர். முதல் வருஷம் ஒன்பது பேர்தான் சேர்ந்தார்கள். வெள்ளிக்கிழமையை விட்டுக்கொடுத்ததும் நாற்பது பேர். வாக்குமூலத்தை நீங்கள் மெதுவாகவே எழுதிக்கொள்ளுங்கள் சாமி. காகிதம் பறக்கிறது, விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டாலும் சரிதான்.

பெயர் மஞ்சுளா, வயது ஐம்பத்தேழு. நாமக்கல் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வேலை. சேர்ந்தது கம்ப்யூட்டர் அறையைத் திறந்து மூடுகிற வேலைக்கு. பட்டங்களெல்லாம் தபால் வழியில் வாங்கியவை. ஆசிரியர் அறையில் எனக்குத் 'தபால் மேடம்' என்று பெயர். காதில் விழுந்தாலும் சிரித்துக்கொண்டே போய்விடுவேன்.

முதல் வகுப்பில் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பேன். உலகமயமாக்கல் என்றால் என்ன? ஒரு வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "எங்க பெரியப்பாவோட ரிக் வண்டி கென்யாவுல போர்க்கெணறு போடுதுங்க மேடம். டயருக்கு வெக்கற எலுமிச்சம்பழம் மட்டும் இங்கிருந்து போவுதுங்க" என்றான். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அங்கேதான் எனக்கு முறை காட்டும் படம் ஒன்று போடத் தோன்றியது.

எங்கள் சனத்தில் கூட்டம் என்று ஒன்று உண்டு. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எல்லாரும் பங்காளிகள். ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கை. எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும் கட்டிக்கொடுக்க மாட்டார்கள். முன்பெல்லாம் ஊரில் நான்கு பேரைக் கேட்டால் முறை தெரிந்துவிடும். இப்போது ஒருத்தர் டல்லாஸில், ஒருத்தர் தோஹாவில், ஒருத்தர் ஆப்பிரிக்காவில் ரிக் வண்டியோடு. யாரைக் கேட்பது? என் மாணவர்களைக் குலதெய்வக் கோயில் கோயிலாக அனுப்பினேன். பொங்கல் வைக்கும் குடிகளின் பட்டியலை வாங்கி வரச் சொன்னேன். மூன்று வருஷத்தில் பதினோராயிரம் பெயர் சேர்ந்தது. அதையெல்லாம் போனில் பார்க்கும் படமாக்கினேன், இரண்டு பெயரைத் தொட்டால் போதும். கட்டிக்கொள்கிற முறை இருந்தால் நடுவில் பச்சைக் கோடு வரும், பங்காளியானால் சிவப்பு.

விட்டுப்போன சொந்தம் தெரிந்துவிட்டதென்று அமெரிக்காவிலிருந்து நடுத்தர வயதுக்காரர்கள் கூப்பிட்டு என்னிடம் அழுதிருக்கிறார்கள். தரகர்கள் என் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் சாதகத்தையே கையில் எடுத்தார்கள். தபால் மேடம் போட்ட படம்.

யாழினி போன ஆடியில் என் வகுப்புக்கு வந்தாள். திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டி வைத்திருக்கும் மருதாசலத்தின் ஒரே மகள். முன் பெஞ்சில் உட்கார்ந்து, நான் சொல்லாததையும் எழுதிக்கொள்வாள். நல்ல பெண். இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆவணி மாதம் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"மேடம், நம்ம படத்துல ஒரு தப்பு இருக்குதுங்க."

"எங்க சாமி?"

"தர்ஷன்னு ஒரு பையன். நாமக்கல்லுல லாரிக்குப் பாடி கட்டற பட்டறை வெச்சிருக்கறாங்க. என்னையும் அவரையும் தொட்டாச் செவப்பு காட்டுதுங்க."

"நீ எதுக்குத் தொட்டுப் பாத்தே?"

அவள் முகம் சிவந்தது. "நீங்களுமாங்க மேடம்?" என்று சிரித்தாள். பிறகு போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டாள். வாழப்பாடிக்குப் பக்கத்தில் ஒரு கோயில் வாசல். நாச்சிமுத்து என்று ஒரு பெரியவர் துண்டை உதறிக்கொண்டே பேசுகிறார். "அந்தப் பையனோட தாத்தன் எங்க கூட்டமுங்க. பொண்ணெடுத்த ஊட்டுல ஆம்பளப் புள்ளை இல்லீன்னு மாமனாரோடயே தங்கிட்டாப்ல. பொங்கலும் அங்கயே வெச்சாங்க. பொங்க வெச்சாப் பங்காளி ஆயிருவானா? நல்லாருக்குது கத!"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நாங்கள் எடுத்தது பொங்கல் வைப்பவர்களின் பட்டியல், பிறந்தவர்களின் பட்டியல் அல்ல. மாமனார் வீட்டோடு தங்கிய மருமகன்களையும் அவர்கள் பேரன்களையும் அந்த வீட்டுப் பங்காளிகளாகச் சேர்த்துவிட்டேன். யாழினி வீட்டுக் கோயிலில் மட்டும் இப்படி நாற்பத்து மூன்று குடும்பம். தர்ஷன் அவளுக்கு அண்ணன் முறை அல்ல, கட்டிக்கொள்கிற முறை. அவள் அப்பாவுக்கு அவன் மருமகன் முறை.

"அப்பாகிட்டச் சொல்லப் போறனுங்க மேடம். எங்கப்பன் வேற ஒண்ணும் பாக்க மாட்டாருங்க. முறை மட்டும் கேப்பாரு, கேட்டுட்டுப் படத்தைத்தான் பாப்பாரு. அதைக் கொஞ்சம் மாத்திருங்க" என்றாள்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஐந்து பேர் கொண்ட குழு வருவதற்கு அப்போது பன்னிரண்டு நாள் இருந்தது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் என் பாடமும் படமும் எல்லாக் கல்லூரிக்கும் போகும். வருகிற நேரத்தில் நாற்பத்து மூன்று குடும்பத்தை இடம் மாற்றினால் என்ன கேட்பார்கள்? மிச்சப் பெயர்களும் இப்படித்தானா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நானாக இருந்தாலும் கேட்பேன்.

"குழு வந்துட்டுப் போவட்டும் சாமி. அப்பறம் நானே உக்காந்து திருத்தறேன். அது வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடாதே" என்றேன்.

"சரிங்க மேடம். பன்னெண்டு நாள்தானுங்களே" என்றாள்.

அவள் வாக்குத் தவறவில்லை. ஆனால் யாரோ பேருந்து நிலையத்தில் இருவரையும் பார்த்துவிட்டு மருதாசலத்திடம் சொல்லிவிட்டார்கள். அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை. படத்தை எடுத்து இரண்டு பெயரையும் தொட்டுப் பார்த்திருக்கிறார். சிவப்பு. அதற்குப் பிறகுதான் மகளை அறையில் வைத்துப் பூட்டினார்.

குழு வந்தது ஒரு வியாழக்கிழமை. காலை பத்தரைக்குக் கம்ப்யூட்டர் அறையில் பெரிய திரையில் என் படம் ஓடிக்கொண்டிருந்தது. குழுத்தலைவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இதில் பிழை எத்தனை சதவீதம் வரும்?" என்று கேட்டார். அந்த நேரத்தில் என் போன் அடித்தது. மருதாசலம். அடிக்கடி முறை கேட்பவர் என்பதால் அவர் பெயர் என் போனில் இருந்தது. முறை கேட்கிறவர் என்று தலைவரிடம் சொன்னேன். "எடுத்துப் பேசுங்கள், ஊரார் இதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று நாங்களும் கேட்கிறோம்" என்றார் தலைவர். ஸ்பீக்கரில் போட்டேன்.

"டீச்சருங்களா? மருதாசலமுங்க. நேராக் கேட்டுப்போடறேன். எம்பொண்ணும் அந்தத் தர்ஷன் பையனும் உங்க படத்துல பங்காளின்னு வருது. இவ அது தப்புங்கறா. டீச்சருக்கே தெரியும், கேட்டுப் பாருங்கறா. நீங்க சொன்னாப் போதுமுங்க."

"அப்படீங்களா" என்றேன்.

"முறை இருந்தா நாளைக்கே வெத்தலை மாத்திக்கறனுங்க. பையன் நல்ல பையன், எனக்கென்ன? முறை இல்லீன்னா அண்ணனோட சுத்துனவளை நான் உசுரோட வெச்சிருக்க மாட்டனுங்க. கெணறு இருக்குது. அதனாலதான் கேக்கறேன். நெதானமாச் சொல்லுங்க."

அவருக்குப் பக்கத்திலிருந்து யாழினியின் குரல் கேட்டது. அழவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். "மேடம், வீடியோ பாத்தீங்கல்லங்க மேடம். சொல்லுங்க மேடம்."

குழுவில் ஒருவர், கிணறு என்றதும் ஏதோ வீட்டுப் பேச்சு என்று நினைத்து லேசாகச் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிழை எத்தனை சதவீதம் என்ற கேள்விக்கு அவருக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வெளியே போய்ப் பேசியிருக்கலாம். வராந்தா பத்தடி தூரம். "பொறவு கூப்பிடறனுங்க" என்றாவது சொல்லியிருக்கலாம். எல்லாம் எனக்குத் தோன்றியது. அவசரத்தில் வாய் தவறியது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் சாமி. நிதானமாகச் சொல்லச் சொன்னார், நிதானமாகத்தான் சொன்னேன்.

"படத்துல இருக்கறது சரிதானுங்க."

பிறகு மருதாசலம், "ரொம்ப நன்றிங்க டீச்சர்" என்றார். யாழினி ஏதாவது சொன்னாளா என்று நீங்கள் முன்பே கேட்டீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. போன் நின்றது. திரும்பித் தலைவரிடம், "பிழையே வராதுங்க" என்றேன்.

மதியம் மூன்று மணிக்குச் செய்தி வந்தது. குழுவினர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் டம்ளரைக் கீழே வைக்கும் வரை நான் அதைச் சொல்லவில்லை. சூடாகக் கொடுத்த காபி, பாவம். மருதாசலம் மகளைக் கிணற்றில் தள்ளிவிட்டு, தானாகவே வந்து உங்கள் ஸ்டேஷனில் உட்கார்ந்துகொண்டாராம். குலத்தின் மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். தர்ஷன் மருமகன் முறை என்பதை அவருக்குச் சொல்லாதீர்கள். தாங்க மாட்டார். எனக்கு அவர்மேல் இரக்கம் உண்டு.

குழு போனபிறகு நாற்பத்து மூன்று குடும்பத்தையும் திருத்திவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது என் வழக்கம். யாழினியின் பெயரை மட்டும் எடுத்துவிட்டேன். வரன் பார்க்கும் படத்தில் இறந்தவர்கள் பெயர் இருப்பது மங்கலமில்லை.

தர்ஷன் அந்த வீடியோவை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டதாகச் சொன்னீர்கள். அந்தப் போன் வருவதற்கு முன்பே அதை நான் பார்த்திருந்தேனா, படம் தப்பு என்று தெரிந்துதான் அப்படிச் சொன்னேனா என்பதுதானே உங்கள் கேள்வி. தெரியும் சாமி. ஒன்றுக்கு மூன்று தடவை பார்த்திருந்தேன். அவள் அதைக் களப்பணி ஒப்படைப்பாகவும் என்னிடம் கொடுத்திருந்தாள். மதிப்பெண் பதிவேட்டைப் பாருங்கள், குழு வருவதற்கு முந்திய நாள் தேதியில் என் கையெழுத்தோடு இருக்கிறது. இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. ஒரு பிள்ளையின் உழைப்பை நான் ஒருநாளும் மறைத்தவள் இல்லை.